பதினைந்து வயதுக்கு ஓர் அலமாரி

பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய நாவல் கைக்கு வந்தால், அவர்கள் என்ன தின்கிறார்கள், எந்தக் கிணற்றில் குதிக்கிறார்கள், பெரியவர்கள் கண்ணில் படாத நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். சோகத்தை எழுதப் பலரால் முடியும். சுட்ட பனம்பழத்தை நார் பல்லில் சிக்கச் சிக்கச் சப்பித் தின்ற ருசியை எழுதத் தனிக் கை வேண்டும். அந்தக் கை வாய்த்தவர்கள் தமிழில் உண்டு. அவர்கள் எழுதியதை ‘இளையோர் நாவல்’ என்று தனியே அடுக்கி வைக்கத்தான் ஆளில்லை. அதனால் பதினைந்து வயதில் படிக்க வேண்டியதை நம் பிள்ளைகள் முப்பது வயதில் படிக்கிறார்கள், அல்லது படிக்காமலே போகிறார்கள்.

திண்டுக்கல்காரர்கள் இதற்காக ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. ராஜமய்யர், பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா மூவரையும் தமிழுக்குக் கொடுத்த வத்தலக்குண்டு பக்கத்தில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை யார் வந்து கேட்டாலும் நான் எடுத்து நீட்டுவது செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. 1959-ல் வந்த புத்தகம். நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஒரே ஊர், ஒரே சல்லிக்கட்டு, ஒரே பொழுது. அப்பன் அம்புலியைக் குத்திய காரிக்காளையை அடக்க வந்திருக்கிறான் பிச்சி. கூட மச்சான் மருதன்.

செல்லப்பாவின் கைநேர்த்தி காத்திருப்பை எழுதுவதில் இருக்கிறது. காரி திட்டிவாசலைத் தாண்டி வருவதற்குள் நாவலில் பெரும்பகுதி ஓடிவிடும். கூட்டத்தில் பக்கத்தில் நிற்கும் கிழவன் வாய் ஓயாமல் பேசுகிறான். எந்த ஊர் மாடு எப்படிப் பாயும், எது நின்று குத்தும், எது பாய்ச்சல் காட்டி ஏமாற்றும் என்று அவன் சொல்லச் சொல்ல, சல்லிக்கட்டே பார்த்திராத வாசகனும் விவரமான ஆளாகிவிடுகிறான். பேச்சுவாக்கில் இந்தப் பையன் அம்புலியின் மகன் என்று கிழவனுக்குத் தெரியவரும் இடத்தைப் பாருங்கள். அதுவரை வேடிக்கைப் பேச்சாக ஓடிக்கொண்டிருந்தது, அந்த இடத்தில் கனம் கூடிவிடுகிறது. அதற்காக ஆசிரியர் தன் குரலில் ஒரு வரிகூட விளக்கம் எழுதவில்லை. பிள்ளைகளுக்கு எழுதுகிறோம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். புரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். செல்லப்பாவுக்கு அந்தப் பயம் கிடையாது.

என் அக்கா மகள் இதைக் காலையில் எடுத்தவள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி வரவில்லை. முடித்துவிட்டு வந்து கேட்டாள்: “மாமா, அந்த மாடு என்ன மாமா பாவம் பண்ணுச்சு?” பிச்சியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. மாட்டுக்குச் சொந்தக்காரரான ஜமீன்தாரைப் பற்றியும் கேட்கவில்லை. கடைசிப் பக்கம் அவளுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொசவபட்டியிலும் புகையிலைப்பட்டியிலும் தேவாலயத் திருவிழாவை ஒட்டி மாடு அவிழ்ப்பதைப் பார்த்தோ கேட்டோ வளர்பவர்கள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். வாடிவாசலில் எழும் புழுதி அவர்களுக்கு அந்நியமில்லை.

இன்னொன்றும் திண்டுக்கல்லுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கிடைத்தது. சாகித்திய அகாதெமி பால சாகித்திய புரஸ்கார் கொடுக்கத் தொடங்கிய 2010-ல் தமிழுக்கான முதல் விருது இவ்வூரைச் சேர்ந்த மா. கமலவேலனுக்கு, ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’க்காகக் கிடைத்தது. அந்தப் பட்டியலில் பின்னால் வந்த யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, கீழடியைக் களமாக்கிய உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ இரண்டையும் துணிந்து கொடுக்கலாம். மரப்பாச்சியை எழுதத் தைரியம் வேண்டும். பிள்ளைகள் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத தொடுதலைப் பற்றி, அவர்கள் மிரண்டுவிடாதபடி பேசுகிற புத்தகம் அது. ஆனால் அந்த விருதின் கணக்கில் ஒன்பது முதல் பதினாறு வயது வரை ஒரே வாசகர். ஒன்பது வயதுக்காரனும் பதினாறு வயதுக்காரியும் ஒரு புத்தகத்துக்குள் ஒன்றாக உட்கார முடியாது. விருதின் பார்வை இயல்பாகவே சின்னவர்கள் பக்கம் சாய்கிறது. பெரியவள் நழுவிப்போய்விடுகிறாள்.

அந்தப் பெரியவளுக்கு நான் கொடுப்பது பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. வெளியூர்க் கதைதான், கொங்கு நாட்டு மேட்டாங்காடு. ஆனால் ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் காட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பண்ணையத்துக்கு விடப்பட்ட கூளையனும் அவன் கூட்டாளிகளும் ஆடு மேய்க்கிறார்கள். அடியும் பசியும் சாதியும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில்தான் அந்தப் பிள்ளைகள் எவ்வளவு விளையாடுகிறார்கள்! பனையடியில் கிடைப்பதைப் பொறுக்குகிறார்கள், ஒருவர் சோற்றை இன்னொருவர் பங்கு போடுகிறார்கள், ஆட்டுக்கு ஒரு பெயரும் அதற்கேற்ற ஒரு குணமும் வைத்திருக்கிறார்கள். அந்த மேய்ச்சல் காட்டின் பரப்பு முழுவதும் அவர்கள் ராஜ்ஜியம். இந்த மகிழ்ச்சியை இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருப்பதால்தான் பின்னால் வருவது நம்மை அப்படித் தாக்குகிறது. துன்பத்தை மட்டும் எழுதியிருந்தால் பரிதாபப்பட்டுவிட்டு மூடி வைத்திருப்போம். அவருடைய ‘நிழல் முற்றம்’ சினிமாக் கொட்டகையில் சோடாவும் முறுக்கும் விற்கும் பையன்களைப் பற்றியது. அதை இன்னும் கொஞ்சம் வயது ஏறியபின் படிக்கலாம்.

பூமணியின் ‘வெக்கை’யை ‘அசுரன்’ படத்தால் எல்லோரும் அறிவார்கள். படம் அப்பனின் கதை. 1982-ல் வந்த நாவலோ பதினைந்து வயது செலம்பரத்தின் கதை. கொலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிவது. கிடைத்ததைச் சமைத்துத் தின்பதும், ராத்திரியில் படுத்துக்கொண்டு பழங்கதை பேசுவதுமாக ஓடுகிறது. ஓடி ஒளிகிற நாட்களில்தான் அந்தப் பையனுக்கு அப்பன் முழுசாகக் கிடைக்கிறான். இதைப் பதினைந்து வயதில் படிக்கிறவர்களுக்கு வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பும் தங்கள் அப்பனின் நினைப்பு வராமல் போகாது.

இவற்றோடு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வையும் வைத்துவிடுங்கள். புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோவைப் பிடிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ‘பொன்னியின் செல்வ’னுக்குப் பரிந்துரை தேவையில்லை. சிவகாசியிலிருந்து 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்ட முத்து காமிக்ஸையும் கீழாக நினைக்க வேண்டாம். படித்துப் பழகிய கண்தான் ‘வெக்கை’க்கு வந்து சேரும்.

படிக்கிற இடமும் ருசியைக் கூட்டும். சாயங்காலம் மொட்டைமாடியில் சிறுமலையைப் பார்த்தபடி, வெள்ளோட்டுப் பக்கத்திலிருந்து வந்த பன்னீர் திராட்சையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு படிக்கலாம். நத்தம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் ஊர் வருவதற்குள் முப்பது பக்கம் ஓடிவிடும். அக்கா மகளின் நூலகப் புத்தகங்களில் மல்லிகைப்பூ காம்பு அடையாளமாகக் கிடக்கும். நான் அதை எடுத்துப் போடுவதில்லை.

ஒரு குறை எனக்குத் தீரவில்லை. மேலே சொன்ன நாவல்களில் நடுநாயகமாக நிற்பவர்கள் பெரும்பாலும் பையன்கள். இரா. நடராசனின் ‘ஆயிஷா’வில் கேள்வி கேட்டுக் கேட்டு அடி வாங்கும் பள்ளிக்கூடப் பெண் வருகிறாள். சின்னப் புத்தகம், எத்தனையோ ஆசிரியர்களை உலுக்கியது. ஆனால் அது போதாது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு வேனில் போய்வரும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், அங்கேயே விடுதியில் தங்கி ஷிப்ட் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பஞ்சுத் தூசியைக் கழுவிவிட்டு அவர்கள் என்ன தின்கிறார்கள், எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், ராத்திரியில் எதை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்று எழுதிய நாவல் ஒன்று இன்னும் என் கைக்கு வரவில்லை. அதை அந்தப் பெண்களில் ஒருத்தி எழுதினால்தான் சரியாக வரும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. திண்டுக்கல் இலக்கியக் களம் புத்தகத் திருவிழா நடத்தும்போது பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வருகிறார்கள். வீட்டில் கொடுத்தனுப்பிய காசு கையில் இருக்கிறது. அவர்கள் கண்ணில் முதலில் படுவது பொது அறிவுப் புத்தகமும் கோலப் புத்தகமும்தான். பதின்வயதுக்கென்று ஒரு மேசையை நுழைவாயிலுக்குப் பக்கத்தில் போடுங்கள். ‘வாடிவாசல்’, ‘கூளமாதாரி’, ‘வெக்கை’, ‘ஆயிஷா’ நான்கையும் அட்டை தெரிகிற மாதிரி நிறுத்தி வையுங்கள். எதை எடுப்பது என்பதை அந்தப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.