பாஞ்சாலங்குறிச்சி முற்றுகையும் மாற்று வரலாறும்

1801 மே 24-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழாதிருந்தால் தென்தமிழகத்தின் அரசியல் வேறாகியிருக்கும் என்ற கருத்து மேடைப்பேச்சுகளிலும் பொதுவாசிப்பு நூல்களிலும் தொடர்ந்து முன்வைக்கப்படுகிறது. எட்டயபுரம் கம்பெனியுடன் சேராதிருந்தால் என்பது அதன் வழக்கமான தொடக்கம். முற்றுகை தோற்பதைக் கற்பனை செய்யத் தேவையே இல்லை என்பதை இக்கருத்து கவனிப்பதில்லை. அது ஏற்கெனவே மூன்று முறை தோற்றது.

1799 செப்டம்பர் 5-ல் பானர்மேனின் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஆனால் அடுத்த சில நாட்களிலேயே கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேற நேர்ந்தது. 1801 பிப்ரவரி 2 இரவு பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினார். அங்கு படையுடன் வந்த மேஜர் மெக்காலே தாக்காமலேயே திரும்பினார். மார்ச் 31-ல் அவர் நடத்திய பெருந்தாக்குதலும் தோற்றது. சுவரின் உடைப்பில் ஏறிய வீரர்களை நீண்ட ஈட்டிகள் தடுத்தன. அப்போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷின் நினைவுக்குறிப்புகள் எதிரியின் வீரத்தை மறைக்காமல் பதிவுசெய்கின்றன.

மார்ச் வெற்றிக்குப்பின் கிளர்ச்சியாளர்களுக்கு ஏறத்தாழ எட்டு வாரங்கள் கிடைத்தன. அந்த அவகாசம் இருதரப்புக்கும் பொதுவானது, கம்பெனிக்கே கூடுதலாகப் பயன்பட்டது. அக்னியூ தலைமையில் புதிய படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்தன. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு வெளியிலிருந்து வல்லரசு உதவி ஏதும் வரவில்லை. மாற்று வரலாறு எழுதுபவர் எட்டப்பனைவிட இந்த இடைவெளியைப்பற்றியே அதிகம் யோசிக்க வேண்டும்.

குறிப்பாகக் கடலைப்பற்றி. கிளர்ச்சியாளர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். ஆனால் தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு, உவரி வரை நீளும் பரதவர் கரைக்கு அப்பால் அவர்களுக்கென ஒரு கப்பல்கூட இல்லை. 1530-களில் பரதவர்கள் போர்த்துகீசியரின் துணையைப் பெற்றனர். 1763-ல் மதுரையில் கான்சாகிப் பிரெஞ்சுக்காரர்களை நம்பினார். 1801-ல் திப்பு இல்லை, டச்சுக்காரர்கள் தூத்துக்குடியை இழந்திருந்தனர், பிரெஞ்சுக்காரர்கள் வெகுதொலைவில்.

மே 24-லும் கோட்டை நின்றிருந்தால் ஜூலை 31-ல் கம்பெனி கர்நாடகத்தைக் கையகப்படுத்தியது நின்றிருக்குமா? வாய்ப்பு குறைவு. அதற்கான காரணங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் கிடைத்த கடிதங்களிலிருந்து உருவாக்கப்பட்டவை. சின்ன மருதுவின் திருச்சி அறிக்கைகூடக் கோட்டை வீழ்ந்து மூன்று வாரங்களுக்குப் பிறகு, ஜூன் 16-ல்தான் வெளிவந்தது.

மாறியிருக்கக்கூடியது வேறொன்று. 1801 டிசம்பர் 1 அறிவிப்பு பாளையக்காரர்களின் ஆயுதங்களையும் கோட்டைகளையும் ஒழித்தது. 1803-ல் அவர்களில் எஞ்சியோர் ஜமீன்தார்களாயினர். தோற்ற கம்பெனி அந்நிபந்தனைகளை ஆணையாக விதித்திருக்க முடியாது, பாளையம்தோறும் பேரம் பேசியிருக்கும். காவல் உரிமையை நம்பி வாழ்ந்த குடிகளுக்கு அது அரியணையைவிடப் பெரிய விஷயம். பொதுவாசிப்பு நூல்கள் இவர்களைப் பெரும்பாலும் கோட்டைச்சுவரில் நின்றவர்களாக மட்டுமே காட்டுகின்றன.