பெயர் கேட்கப்படாத சிறுவன்

ஆளற்ற தீவொன்றில் உயிர்பிழைக்கப் போராடும் ஆங்கிலச் சிறுவர் கொலைஞராய் மாறும் கதையே வில்லியம் கோல்டிங்கின் 'லோர்ட் ஒவ் த பிளைஸ்' (1954). மனித இயல்பே தீயதென்பதற்கு இந்நாவலைச் சான்று காட்டுவோர் பலர்; நூலாசிரியர் கருத்தும் அதுவே. நாம் இதற்கு உடன்படோம்.

பாடகர்குழு கறுப்பங்கி தரித்து, அணிவகுத்தே கதையினுள் நுழைகிறது. தான் தலைமை மாணவன் என்பதையே ஜாக் ஆளும் உரிமையாகக் காட்டுகிறான். பேச்சுவழக்கே கீழ்த்தட்டினன் என்று காட்டிக்கொடுக்கும் 'பிக்கி'யின் உண்மைப் பெயரை, ரால்ஃப் உட்பட, எவரும் கேட்பதில்லை. தீ மூட்ட மட்டும் அவனது மூக்குக்கண்ணாடி வேண்டும்! இவற்றைக் காடா கற்பித்தது? பள்ளியன்றோ கற்பித்தது! கோல்டிங்கும் பள்ளி ஆசிரியராயிருந்தவரே.

அச்சிறுவரைத் தீவுக்குத் துரத்தியதும் பெரியோரின் போரே. இறுதியில், இழந்த கள்ளமின்மைக்காக ரால்ஃப் விம்முகையில், மீட்க வந்த கடற்படை அதிகாரி முகந்திருப்பி நோக்குவது தன் போர்க்கப்பலை.