போர்களை நடிக்குமுன்: கால்டுவெல்லின் திருநெல்வேலிச் சரித்திரத்தைப் பெரியதாழைக் கரையிலிருந்து வாசித்தல்

வரலாற்றை நடித்துக் காட்டிக் கற்பிக்கும் வழக்கம் நம் சபைப் பள்ளிகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் நெடுநாளாக உண்டு. அக்கால உடையுடுத்து, அக்காலக் கருவிகளைக் கையிலேந்தி, அக்கால மாந்தராகவே நின்று பேசிக் கற்பிக்கும் முறைக்கு மேலைநாட்டார் ‘வாழும் வரலாறு’ என்று பெயரிட்டுள்ளனர். தென்பாண்டி நாட்டின் போர்களை இம்முறையில் கற்பிக்க விழையும் போதகருக்கும் ஆசிரியருக்கும் முதலில் நினைவுக்கு வரும் நூல், பேராயர் இராபர்ட் கால்டுவெல் 1881இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரமாகும். அந்நூல் இப்பணிக்கு எவ்வளவு துணைசெய்யும், எவ்விடத்தில் துணைசெய்யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குப் பெரியதாழையை ஓர் உரைகல்லாகக் கொள்வோம். மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையே கடலோரத்தில் அமைந்த பரதவர் ஊர் அது, மக்கள் கத்தோலிக்கர். உள்நாட்டுப்பக்கம் திரும்பினால் செந்நிறத் தேரிமணலும் பனங்காடும், அவற்றிடையே நம் சபைகளின் பழைய ஊர்களும் உள்ளன. கடற்கரையோடு வடக்கே சென்றால் காயல்பட்டினத்து முஸ்லிம் மக்கள். இம்மூவர் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமரக்கூடிய நிலப்பகுதி இது. ஆகவே, நாடகத்தில் ‘பகைவன்’ என்று நாம் யாரை நிறுத்துகிறோமோ, அவன் வழிவந்த பிள்ளை முன்வரிசையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பான் என்பதை ஆசிரியர் மறத்தலாகாது.

1. நூலின் தகுதி

கால்டுவெல் ஏட்டறிவு மட்டும் கொண்டு எழுதியவர் அல்லர். 1841இல் இடையன்குடிக்கு வந்து தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்நிலத்திலேயே கழித்தவர். கொற்கையிலும் காயலிலும் நிலத்தைத் தோண்டிச் சான்று தேடியவர். அவர் எழுதிய காலத்துத் திருநெல்வேலி மாவட்டம், 1986இல் தனி மாவட்டமான தூத்துக்குடியையும் உள்ளடக்கியது. எனவே முத்துக்குளித்துறையின் கதையும் பாளையக்காரர் போரின் கதையும் ஒரே நூலுள் இடம்பெற்றன. நேரிற்கண்டோர் எழுதியவற்றை விரிவாக எடுத்துத் தருவது அவருடைய நல்வழக்கம். நடிப்பு முறையில் கற்பிப்பவருக்குத் தேவையானவை இத்தகைய நேர்ச்சான்றுகளே அன்றோ?

ஆயினும் நூல் 1801இல் இந்நாடு ஆங்கில அரசின் கைக்கு வந்ததோடு முடிகிறது. அம்முடிவை நோக்கியே முன்னுள்ள யாவும் ஒழுங்குசெய்யப்பட்டுள்ளன. முன்னிருந்தது குழப்பம், பின் வந்தது அமைதி என்பதே ஆசிரியரின் நோக்கு. ஆளுகை யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பது தெளிவாகக் கூறப்படுகிறது. ஆளப்பட்டவர் எப்படி வாழ்ந்தனர் என்பதோ இடையிடையே மட்டும் தலைகாட்டுகிறது.

2. கடற்கரையின் போர்கள்

முத்துக்குளித்துறைப் பகுதியில் இக்குறை நன்கு விளங்கும். 1530களில் முத்துக்குளிப்பின் உரிமை குறித்துப் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் பூசல் மூண்டது. பரதவத் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியர் உதவியை நாடினர், ஞானஸ்நானம் பெற்றனர், ஊர் ஊராக மக்களும் அதனைப் பின்பற்றினர். 1538இல் வேதாளையில் நடந்த கடற்போரில் போர்த்துக்கீசியர் வென்றனர். இக்கதையைச் சிலுவைக்கும் பிறைக்கும் நடந்த போராக மேடையேற்றுவது எளிது. ஆனால் பூசலின் வேர் முத்தில் இருந்தது. குளிப்பவன் எவன், தோணி எவனுடையது, விளைவில் அரசனுக்கு எவ்வளவு பங்கு என்பன அதற்கு முன்னும் பின்னும் இக்கரையை அலைக்கழித்த வினாக்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறாவைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதாகக் குறித்துள்ளார். பிற்காலத்து முத்துக்குளிப்புகளிலும் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் ஒரே கடலில் மூச்சடக்கிக் குளித்தனர். இதைச் சொல்லாமல் போரை மட்டும் நடிப்பது, பிள்ளைகள் மனத்தில் பகையை மட்டும் விதைப்பதாகும்.

1544ஆம் ஆண்டு வடுகர் தாக்குதலையும் இவ்வாறே நோக்க வேண்டும். பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்களே இதற்கு முதன்மைச் சான்று. குமரிமுனைப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கடற்பாறைகளுக்கு ஓடிப் பசியாலும் தாகத்தாலும் வருந்துகின்றனர் என்று கேட்டு, அவர் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் புறப்பட்டார். எதிர்க்காற்றினால் செல்ல இயலாது திரும்பி, பின் கால்நடையாகச் சென்றார். மணப்பாட்டிலிருந்து குமரிக்குக் கரையோரமாகச் செல்லும் தோணி பெரியதாழையைக் கடந்துதான் செல்ல வேண்டும். ஜூன் மாதத்தில் கச்சான் காற்றை எதிர்த்துத் தென்மேற்கே தண்டுவலிப்பது எத்தகையது என்பதை வரலாற்றாசிரியரைவிடப் பெரியதாழைக் கடலோடி ஒருவர் நன்கு விளக்குவார். பிள்ளைகளை அவரிடம் அழைத்துச் சென்று அக்கடிதத்தை வாசித்துக் காட்டுவது, அங்கியும் செபமாலையும் அணிவித்து ஒருவனை மேடையில் நிறுத்துவதைக் காட்டிலும் உண்மையான வாழும் வரலாறாகும்.

இங்கு இரண்டு திருத்தங்களும் தேவை. ‘வடுகர்’ என்போர் வெறுங்கொள்ளையர் அல்லர். அவ்வாண்டில் விசயநகரப் படை திருவிதாங்கூரை நோக்கி வந்தது. பேரரசுகளின் போரில் கரையோரக் குடிகள் அகப்பட்டனர். அடுத்து, அதே கடிதங்களில் சவேரியார், கிறிஸ்தவனென்று பெயர்கொண்ட போர்த்துக்கீசியத் தளபதி இழைத்த அநீதிகளையும் மறைக்காமல் சாடுகிறார். இதனை விட்டுவிட்டு வடுகரை மட்டும் கொடியவராகக் காட்டுதல் சவேரியாரையே பொய்ப்படுத்துவதாகும்.

நம் தரப்பின் கதையையும் ஒளிக்கலாகாது. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். சீர்திருத்தச் சபைக் குருவான பிலிப்பு பால்தேயுஸ் பரதவரைத் தம் சபைக்குத் திருப்ப முயன்றார், அவர்கள் அசையவில்லை. 1672இல் வெளியான தம் நூலில் அவரே இதனைப் பதிவுசெய்துள்ளார். வாளோடு வந்த சீர்திருத்தத்தைக் கடற்கரை மக்கள் ஏன் மறுத்தனர் என்று நம் மாணவர் வினவிப் பயில வேண்டும்.

3. 1799: ஓர் ஆண்டு, இரண்டு நூல்கள்

1881இல் கால்டுவெல் மற்றொரு நூலும் வெளியிட்டார். அது திருநெல்வேலி மிஷனின் தொடக்க கால வரலாறு. முன்னையது அரசியல்; பின்னையது திருச்சபை. ஒரே கை, ஒரே ஆண்டில், ஒரே நிலத்தைப் பற்றி எழுதிய இவ்விரு நூல்களையும் அருகருகே விரித்து வைப்பவர் மிகச் சிலரே.

விரித்து வைத்தால் நாம் காண்பது என்ன? 1799 செப்டம்பரில் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதே 1799இல், கிறிஸ்தவர் ஆனதற்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டோருக்குப் புகலிடமாகத் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால் முதலூர் தோன்றியது. அவ்வூர் பெரியதாழையிலிருந்து தொலைவில் இல்லை. ஒரு நூலை வாசிப்பவன் போரை அறிகிறான், சபையை அறியான். மற்றதை வாசிப்பவன் சபையை அறிகிறான், அதனைச் சூழ்ந்து பற்றியெரிந்த நாட்டை அறியான். நம் சபை வரலாற்று நாடகங்கள் பெரும்பாலும் இரண்டாவது குறையுடையவை. முதலூரின் பனையேறிக் குடும்பம் கயத்தாற்றுச் செய்தியை எப்படிக் கேட்டிருக்கும்? பாளையக்காரனை எண்ணி அஞ்சியதா, கும்பினியை எண்ணி அஞ்சியதா, இருவரையுமே எண்ணி அஞ்சியதா? இவ்வினாக்களை இரு நூல்களும் எழுப்பவில்லை. எழுப்ப வேண்டியவர் ஆசிரியர்.

சாமுவேல், இராஜாக்கள் நூல்களையும் நாளாகம நூல்களையும் ஒப்பிட்டுப் பயில நம் இறையியல் கல்லூரிகள் கற்பிக்கின்றன. அப்பயிற்சியைச் சொந்த ஊர் வரலாற்றுக்கும் பயன்படுத்துவதில் தடையென்ன?

4. மேடையின் எதிர்ப்பிழை

கால்டுவெல் பாளையக்காரரைப் பெரும்பாலும் கொள்ளையிடுவோராகக் கண்டார் என்பது உண்மை. அதற்கு எதிர்வினையாக 20ஆம் நூற்றாண்டின் நாடகமேடையும், 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படமும் கட்டபொம்மனை மாசற்ற வீரனாக்கின. எட்டயபுரத்தாரைத் துரோகத்தின் உருவமாக்கின. பள்ளி ஆண்டுவிழாக்கள் இன்றும் திரைப்படத்தையே பின்பற்றுகின்றன. நோக்கு தலைகீழாயினும் குறை ஒன்றே: இரண்டிலும் குடிகள் இல்லை. வரி கேட்டவனும் மறுத்தவனும் மேடையில் நிற்கின்றனர். அவ்வரியை விளைத்துக் கொடுத்தவன் திரைக்குப் பின்னால் நிற்கிறான்.

இக்குறையை நீக்கவல்ல ஒரு காட்சி, போரிற் பங்குகொண்ட ஆங்கில அதிகாரி வெல்ஷ் எழுதிய நினைவுநூலில் உள்ளது. 1801 மே 24ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்தபின், காயமுற்றுக் கிடந்தோரிடையே தன் மகனைத் தேடி ஒரு தாய் வந்தாள். உயிர் பிரியும் நிலையிலிருந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகே கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றுமாறு வேண்டினான். அவள் அவ்வாறே எடுத்துச் சென்றாள். எட்டயபுரத்து வீரர் தேடி வந்தபோது பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்து, பெரியம்மையால் இறந்த பிள்ளையென்று ஒப்பாரி வைத்தனர்; வந்தவர் நோய்க்கு அஞ்சி ஓடினர். இதனை எழுதி வைத்தவர் எதிர்ப்படை அதிகாரி என்பது குறிப்பிடத்தக்கது.

அக்காலச் சமுதாயம் முழுவதும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது: தலைவன்பால் குடிகளின் பற்று, நோயின் அச்சம், பெண்களின் மதிநுட்பம், போர்க்களத்தில் மகனைத் தேடும் தாய். நியாயாதிபதிகள் 5ஆம் அதிகாரத்தில் தெபோராளின் வெற்றிப்பாட்டும் பலகணியருகே காத்திருக்கும் சிசெராவின் தாயில் வந்து முடிகிறதை நாம் அறிவோம். வெற்றிக்களிப்பிலும் பகைவனின் தாயைக் காண வைப்பது திருமறையின் வழக்கம்.

5. அமெரிக்க அனுபவம் தரும் பாடம்

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள வில்லியம்ஸ்பர்க், 18ஆம் நூற்றாண்டு நகரமாகவே மீட்டமைக்கப்பட்டு, உடையணிந்த மாந்தர் வழியாக விடுதலைப்போர்க் காலத்தைக் கற்பிக்கும் இடம். அக்காலத்து அந்நகர மக்களுள் பாதிப்பேர் கறுப்பின மக்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். எனினும் பல்லாண்டுகள் தேசத்தந்தையரும் கைவினைஞருமே அங்கு முன்னிறுத்தப்பட்டனர். 1979இல்தான் கறுப்பின மக்களின் வாழ்க்கையை நடித்துக் காட்டும் திட்டம் தொடங்கியது. 1994இல் அடிமை ஏலம் ஒன்றை நடித்துக் காட்டியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. முன்னோரின் துன்பம் வேடிக்கைப் பொருளாகிவிடும் என்று ஒரு சாராரும், மறைப்பதே பெரும் அநீதி என்று மறுசாராரும் வாதிட்டனர். இரு சாராரும் கூறியதில் நியாயமுண்டு. சொல்லாதிருத்தலும் தவறு, கேளிக்கையாக்குதலும் தவறு.

6. ஆசிரியர் செய்யத்தக்கன

முதலாவது, வேடம் கொடுக்குமுன் வினா கொடுக்க வேண்டும். தான் ஏற்கும் மாந்தன் என்ன உண்டான், யாருக்கு வரி செலுத்தினான், எதற்கு அஞ்சினான் என்பதற்குச் சான்றோடு விடை கூறும் மாணவனே அவ்வேடத்திற்கு உரியவன். இரண்டாவது, ஒவ்வொரு போருக்கும் இரு தரப்பிலிருந்தும் ஒருவர், எத்தரப்பையும் சாராத குடியானவர் ஒருவர் பேச வேண்டும். மூன்றாவது, தூக்கையும் படுகொலையையும் நடித்துக் காட்டலாகாது. அவ்விடத்தில் சான்றினை வாசித்து மௌனமாயிருத்தலே தகும். நான்காவது, ஊர்ப் பெரியோரின் வாய்மொழியை ஆசிரியராகக் கொள்ள வேண்டும். தூத்துக்குடியில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்குச் சென்ற தலைமுறை மறைந்துவருகிறது. ஏட்டுக்கு வராத அறிவு அவர்களோடு மறையுமுன் கேட்டு வைத்தல் நம் கடமை.

ஒரு மக்களைப் பற்றிப் பிழைபட எழுதுவது எவ்வளவு ஆழமாகப் புண்படுத்தும் என்பதற்குக் கால்டுவெல்லின் வாழ்க்கையே சான்று. சாணார் குலத்தாரைப் பற்றி 1849இல் அவர் எழுதிய சிறுநூல், அவர் அன்புடன் பணிபுரிந்த அம்மக்களிடையே கடுங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அன்பு மட்டும் போதாது, துல்லியமும் வேண்டும்.

பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கட்டளை (யாத். 20:16) உயிரோடிருக்கும் பிறனுக்கு மட்டும் உரியதன்று. இறந்தவன் எழுந்து வந்து மறுத்துரைக்க இயலாதவன். ஆதலால் அவனைக் குறித்த சாட்சியில் நமக்கு இரட்டிப்புக் கவனம் தேவை. இக்கவனத்தோடு அணுகினால் கால்டுவெல்லின் சரித்திரம் இன்றும் நமக்கு நல்ல துணைநூலே. அதனைத் தனித்து நிற்கவிடாமல், மிஷன் வரலாற்றையும் சவேரியார் கடிதங்களையும் வெல்ஷின் நினைவுநூலையும் பெரியதாழைக் கடலோடியின் வாய்ச்சொல்லையும் அதனருகே வைத்து வாசிக்குமாறு குருமாணவரையும் உடன் ஊழியரையும் வேண்டுகிறோம்.