‘நல்ல காலேஜ்’ என்றால்

தேவர்சோலையில் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு மலையிறங்க இரண்டு வழிகள் உண்டு. கூடலூர், ஊட்டி வழியாக இறங்கினால் கோவையும் பாரதியார் பல்கலைக்கழகமும். நாடுகாணி வழியாக நிலம்பூருக்கு இறங்கிப் போனால் தேஞ்ஞிப்பாலத்தில் கோழிக்கோடு பல்கலைக்கழகம். தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர் இது. ஆனாலும் வீட்டில் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது: அங்கே கொடி, கோஷம், ஸ்டிரைக், இங்கே ஒழுக்கம். மகன் எங்கே படிக்கலாம் என்று பேசும்போது இந்தச் சொல் அவ்வளவாக எழுவதில்லை.

‘ஒழுக்கம்’ என்பது இங்கே நூலகத்தையோ ஆசிரியர்களையோ குறிக்கவில்லை. விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பதைக் குறிக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத விதிகளைப் பெண்கள் விடுதியில் போடக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-லேயே ஒழுங்குமுறை வெளியிட்டுவிட்டது. நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

சரி, கேரளத்தில் பூட்டு இல்லையா? இருக்கிறது. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள சேளன்னூர்க் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில், மாலை ஆறு முதல் இரவு பத்து வரை செல்போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி வந்தது. மறுத்த மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி. ஆஷா, இணையம் பெறுவது கல்வி உரிமையின் பகுதி என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். ஆக, கொடியும் கோஷமும் நிறைந்த பக்கத்திலும் விடுதிச் சட்டம் பழையதுதான். மாணவர் சங்கங்களையும் கொண்டாடிவிட முடியாது. துணைத் தலைவர், இணைச் செயலாளர் பதவிகளைப் பெண்களுக்கு ஒதுக்குகிறார்கள். தலைவர் நாற்காலி ஆணுக்கு என்று எங்கும் எழுதவில்லை, எழுத வேண்டிய தேவையும் இல்லை.

அமைதியான வளாகம் என்ன தருகிறது? 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. இரவில் அவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களுக்கும் குறைவில்லை. ‘ஒழுக்கமான’ சூழலில் முதலில் விசாரிக்கப்படுவது புகார் சொன்னவளின் ஒழுக்கம்தான். புகார்கள் வராத கல்லூரிக்கு ‘நல்ல காலேஜ்’ என்ற பெயர் கிடைப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

இதில் தேர்தலுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அதே 2016 ஒழுங்குமுறைப்படி, மாணவர் தொடர்பான பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் மூன்று மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் மாணவர் தேர்தலே நடக்காத கல்லூரிகள் பல. அங்கே அந்த மூவர் எப்படி வருவார்கள்? நிர்வாகம் கைகாட்டும். கைகாட்டப்படுபவர் வார்டனுக்கு எதிரான புகாரை எந்த முகத்தோடு விசாரிப்பார்? கட்சிக் கொடி பறக்கும் வளாகத்தில் இந்த மூவரும் கட்சிக்காரர்களாகவே இருக்கலாம், அதுவும் சிக்கல்தான். ஆனால் அடுத்த ஆண்டு அவர்களைத் தோற்கடிக்க ஓட்டாவது கையில் இருக்கும்.

கோவைக்குப் போனாலும் தேஞ்ஞிப்பாலத்துக்குப் போனாலும், கட்டணம் கேட்கும் அதே ஜன்னலில் இதையும் கேளுங்கள்: உங்கள் உள்ளகக் குழுவின் மாணவப் பிரதிநிதிகள் யார், அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் யார்?