மூழ்கிய நகையும் ஆழ்ந்த மனமும்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது காஹாங். கடைத்தெருவில் மலாய், சீனம், தமிழ் எல்லாம் காதில் விழும்; ஆங்கிலம் பெரும்பாலும் வகுப்பறையோடு நின்றுவிடும். 2016இல் மலேசியக் கல்வி அமைச்சு ‘ஹைலி இம்மெர்சிவ் புரோகிராம்’ என்ற திட்டத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. பிள்ளைகளை ஆங்கிலத்திலேயே முக்கி எடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கல்வியில் இந்த எண்ணத்துக்குப் பேர் வாங்கித் தந்தது, 1965இல் கனடாவின் கியூபெக்கில் உள்ள செயின்ட் லாம்பர்ட்டில் தொடங்கிய பிரெஞ்சு வகுப்பு. அங்கே மாநிலத்தின் பெரும்பான்மை பிரெஞ்சு பேசியது. காஹாங்கில் பள்ளி வாசலைத் தாண்டினால் செம்பனை.

முக்குவது இருக்கட்டும், ‘இம்மெர்ஸ்’ என்ற அந்தச் சொல்லையே நம் பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள்? ‘ஐ வாஸ் இம்மெர்ஸ்ட் இன் தி புக்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஐ இம்மெர்ஸ்ட் இன் தி புக்’ என்று எழுதுவார்கள். ஆசிரியர் சிவப்பு மையால் ‘வாஸ்’ சேர்ப்பார். கவனக்குறைவு என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. தமிழில் ‘புத்தகத்தில் மூழ்கினேன்’ என்றால் மூழ்கியது நான்தான். ஆங்கிலத்திலோ யாரோ என்னை முக்கிவிட்டார்கள்.

ஒன்றில் ஆழ்ந்துபோவதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்கும் இதே குணம். ‘என்கிராஸ்’ சந்தையிலிருந்து வந்தது. சரக்கை மொத்தமாக வளைத்துப்போட்டு விலையேற்றுவது. இங்கிலாந்தில் 1552இல் அதற்கெதிராகச் சட்டமே போட்டார்கள். அந்தக் குற்றம் ஏட்டிலிருந்து நீங்கியது 1844இல். ஒரு நாவலில் ‘என்கிராஸ்ட்’ ஆனவனின் கவனத்தை அந்த நாவல் மொத்த விலைக்கு வாங்கிவிட்டது என்று அர்த்தம். ‘அடிக்ட்’ ரோமானிய நீதிமன்றச் சொல். கடனைக் கட்டாதவனைக் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைக்கும் தீர்ப்பு. ‘அப்செஸ்’ கோட்டை முற்றுகை. பின்னால் பேய் பிடித்து ஆட்டுவதற்கும் ஆனது. ‘ராப்ட்’ என்றால் பறித்துக்கொண்டு போகப்பட்டவன். ‘என்தூசியாசம்’ உள்ளே தெய்வம் புகுந்த நிலை. பதினெட்டாம் நூற்றாண்டில் மெதடிஸ்டுகளைத் திட்டப் பயன்பட்ட சொல், இன்று வேலை விண்ணப்பத்தில் கொட்டை எழுத்தில் வருகிறது. பயிற்சி நூல்கள் இவற்றையெல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடைத்து ‘ஆழ்ந்து ஈடுபடுதல்’ என்று எழுதிவைப்பதுதான் கொடுமை. வாசிப்புக்கு ‘அடிக்ட்’ ஆகிவிட்டேன் என்று பெருமையாக எழுதும் பிள்ளைக்கு, அது கடனாளியின் சொல் என்று யாரும் சொல்வதில்லை.

பக்கத்திலிருக்கும் மலாயும் இந்த விஷயத்தில் கைகொடுக்காது. ‘தெங்கெலாம்’ நம் ‘மூழ்கு’ மாதிரி தானே நடப்பது. ஆழ்ந்திருப்பதைச் சொல்லும் ‘ஆஷிக்’ மூல அரபியில் காதலன். ‘குஷுக்’ தொழுகையில் மனம் ஒடுங்கிய நிலை. இரண்டிலும் அடைபட்டவன் யாரும் இல்லை.

தமிழில் ஆழ்ந்துபோவதைச் சொல்லும் சொற்கள் பலவும் தண்ணீரிலிருந்து வந்தவை: ஆழ்தல், அமிழ்தல், தோய்தல், ஊறுதல், திளைத்தல். உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் 1990இல் தம் நூலுக்கு ‘ஃப்ளோ’ என்று பேர் வைத்தபோது அவரும் ஆற்றங்கரைக்கே வந்து சேர்ந்தார். ஆனால் தமிழ்த் தண்ணீர் எப்போதும் இனிக்காது. அடகுக் கடையில் தவணை தவறினால் ‘நகை மூழ்கிப்போச்சு’ என்போம். அங்கே மூழ்குவது கைவிட்டுப் போவது. ‘ஈடு’ என்பதும் கடனுக்கு வைக்கும் பொருள்தான். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய உரைக்கும் ‘ஈடு’ என்றே பேர். ‘ஈடுபாடு’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும்போது ரோமானியக் கடனாளி அவ்வளவு தூரத்தில் இல்லை.

ஆழ்வார் என்றால் பக்தியில் ஆழ்ந்தவர் என்பது வழிவழியாக வரும் விளக்கம். 2004இல் எஸ். பழனியப்பன் கல்வெட்டுகளைக் காட்டி, அது முதலில் ‘ஆள்வார்’ என்றே இருந்தது, ஆள்பவர் என்பதே பொருள் என்று எழுதினார். எனக்கு அவர் சான்றுகள் வலுவாகவே படுகின்றன. ஆனாலும் கோயில் திண்ணைகளில் ஆழ்ந்தவரை யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.