பங்காளியும் பங்குதாரரும்: சிவகாசித் தொழிற்குடும்ப வரலாற்றெழுத்தில் கொடிவழி

முன்னுரை

சாத்தூருக்கு அருகில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் அமைந்துள்ளது. ஆடிக் கடைசி வெள்ளியன்று சிவகாசி, விருதுநகர், கோவில்பட்டி வட்டாரங்களிலிருந்து மக்கள் அங்கே திரள்கின்றனர். சாணம் பொறுக்க வந்த பெண்ணொருத்தி கூடையைக் கீழே வைக்கிறாள். மீண்டும் எடுக்க முயலும்போது கூடை அசையவில்லை. மண்ணுக்குள் தான் இருப்பதை அம்மன் அவள் வாயிலாகவே உணர்த்துகிறாள் என்பது கோயிலின் தலவரலாறு. வழிபாட்டுக்கு வருவோரில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் செய்யும் முதலாளிகளும் உண்டு; அத்தொழில்களில் கூலி வேலை பார்ப்போரும் உண்டு. ஆயினும் இதே வட்டாரத்தின் தொழிற்குடும்பங்கள் தம் வரலாற்றைச் சொல்லத் தொடங்கும்போது அதில் முதலில் வருபவர் எப்போதும் ஓர் ஆணே: நிறுவனர், பின்னர் அவர் மகன், பின்னர் பேரன்.

நிறுவன மலர்கள், மணிவிழா மலர்கள், கல்லூரி ஆண்டு மலர்கள், வாழ்க்கை வரலாற்று நூல்கள் ஆகியவற்றில் பயிலும் இந்தக் கொடிவழிக் கூற்றுமுறை திறனாய்வுக்கு உரியது. இக்கூற்றுமுறை எதை நினைவில் வைக்கிறது என்பது வெளிப்படை. எதை விட்டுவிடுகிறது, அவ்விடுபாட்டால் தொழில் வரலாறே எவ்வாறு திரிகிறது என்பனவே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினாக்கள்.

இருவர் சென்ற பயணம்

சிவகாசித் தொழில் வரலாற்றின் தொடக்கமாக எல்லா நூல்களும் ஒரே நிகழ்வையே குறிக்கின்றன. 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். இருவரும் சகோதர உறவினர். ஒன்றாகத் தொழில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் பிரிந்து தனித்தனி நிறுவனங்களை நடத்தினர்.

இந்நிகழ்வைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். சிவகாசித் தீப்பெட்டித் தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த தொழிலன்று. ஒரே தலைமுறையைச் சேர்ந்த இருவர் சேர்ந்து வெளியூரில் கற்று வந்த தொழில் அது. ஆனால் மலர்களில் இப்பக்க உறவு முதற்பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. பிரிவினைக்குப்பின் ஒவ்வொரு கிளையும் தன் வழியில் ஒரு மூலபுருடரை நிறுத்திக்கொண்டு அவரிலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்குகிறது. மற்றவர் உடன் சென்றவராகச் சுருங்கிவிடுகிறார்.

தமிழ்ச் சொற்களே இதைக் காட்டித் தருகின்றன. 'பங்காளி' என்னும் சொல் தந்தைவழி உறவினரையும் சொத்தில் பங்குடையவரையும் ஒருசேரக் குறிக்கும். வழக்கில் போட்டியாளர் என்னும் சாயலும் அதற்கு உண்டு. 'பங்குதாரர்' என்பது சட்டமும் வணிகமும் தந்த சொல். 'சம்பந்தி' மணத்தால் வந்தவர். சிவகாசி போன்ற ஊரில் ஒரே மனிதர் இம்மூன்றுமாக இருக்கக்கூடும். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கமுள்ள சமூகத்தில் கொண்டவரும் கொடுத்தவரும் அடுத்த தலைமுறையிலும் உறவைப் புதுப்பித்துக்கொள்கின்றனர். தந்தை, மகன், பேரன் என்று ஒரே கோட்டில் வரையப்படும் வரைபடத்தில் இதற்கு இடமில்லை. 'கொடிவழி' என்ற பழஞ்சொல்லை ஆள்வோர், கொடி பக்கவாட்டிலும் படரும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

பெயரும் முத்திரையும்

மேலைநாட்டு வணிகக் குடும்ப வரலாறுகளோடு ஒப்பிடுகையில் இன்னொரு வேறுபாடு தெரியவருகிறது. அயர்லாந்தின் கின்னஸ் குடும்பம் தக்க எடுத்துக்காட்டு. 1759இல் டப்ளினில் ஆர்தர் கின்னஸ் ஒரு மதுவடிசாலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். அவர் மகன் இன்னோர் ஆர்தர். பின்வந்தவர் பெஞ்சமின் லீ, எட்வர்டு சிசில். 1886இல் நிறுவனம் பொதுப்பங்கு வெளியிட்டபோதும் குடும்பப்பெயரே நிறுவனப்பெயராக நின்றது. 1922இல் உள்நாட்டுப்போரில் டப்ளின் பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையானது. மக்கள்தொகைக் கணக்கேடுகளும் உயில்களும் திருச்சபைப் பதிவுகளும் பெருமளவில் அழிந்தன. அதன்பின்னும் அந்நாட்டுக் கொடிவழி ஆய்வாளர்க்குக் குடும்பப்பெயர் என்னும் கைப்பிடி எஞ்சியது.

தமிழ்க் குடும்பங்களுக்கு அக்கைப்பிடி இல்லை. தலைப்பெழுத்து ஒரு தலைமுறையோடு மாறிவிடும். சாதிப்பின்னொட்டு ஒரு சமூகத்தையே சுட்டும். ஒரு குடும்பத்தைப் பிரித்துக்காட்டாது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் வரும். ஆவணத்தில் காணப்படுபவர் பாட்டனா பேரனா என்று மயங்க நேர்வதுண்டு.

இந்த இடைவெளியைச் சிவகாசியில் நிரப்பியது தீப்பெட்டிச் சீட்டு. எழுத்தறியாதவரும் கடையில் கேட்டு வாங்கும்படி விலங்கும் பறவையும் அச்சிட்ட முத்திரைகள் பெருகின. அய்ய நாடார் வழியினர்க்கு அணில்; காளீஸ்வரி நிறுவனத்தார்க்குச் சேவல்; 1942இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு பட்டாசு நிறுவனத்தார்க்கு மயில். 'அணில்காரர்' என்றால் இன்ன குடும்பம் என்று ஊரார் அறிவர். குடும்பப்பெயர் செய்யவேண்டிய வேலையை முத்திரை செய்தது. இச்சீட்டுகளை அச்சிட வளர்ந்த அச்சுத்தொழில் பின்னர் சிவகாசியின் மூன்றாம் தொழிலாயிற்று என்பது தனி ஆய்வுக்குரியது.

முத்திரைக்கு ஒரு சட்டக் குணமும் உண்டு. 1940ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்திற்குப்பின் அது பதிவுசெய்யத்தக்க சொத்தாயிற்று. பாகப்பிரிவினையில் நிலத்தை அளந்து பிரிக்கலாம். அணிலை இரண்டாக வெட்ட இயலாது. முத்திரையைப் பெறும் கிளையே மூலக்கிளையாகப் பின்னர் எழுதப்படும் வாய்ப்பு மிகுதி. ஆகவே மலர் காட்டும் 'நேர்வழி' பிறப்பால் மட்டும் அமைவதன்று. பிரிவினைப் பத்திரத்தாலும் அமைவது.

பிரிவினையைப் பற்றி மலர்கள் எழுதும் முறையும் ஐயத்துக்கு உரியது. கிளைகள் பிரிந்ததை அவை எப்போதும் வளர்ச்சி என்றே கூறும். ஊர்ப்பேச்சு அதையே சண்டை என்னும். இரண்டும் முழு விளக்கமாகா. 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி விதிக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் உற்பத்தி அளவுக்கேற்ப வரி வேறுபட்டு, சிறு அலகுகள் சலுகை பெற்றன. 1923இல் அமைந்த விம்கோ போன்ற பேராலையின் முன் கைத்தொழில் அலகுகள் நிலைத்தமைக்கு இச்சலுகை ஒரு முக்கியக் காரணம். ஓர் ஆலையைப் பல அலகுகளாக்கி மனைவி, மகன், மருமகன் பெயர்களில் நடத்துவது இச்சூழலில் கணக்கறிந்த செயலே. குடும்பம் கிளைத்ததால் ஆலை கிளைத்ததா, வரிச்சலுகைக்காக ஆலை கிளைத்ததால் குடும்பம் கிளைத்ததாகப் பதிவாயிற்றா என்பதை மலர்களை மட்டும் கொண்டு முடிவுசெய்ய இயலாது.

பெண்டிர் பெயர் வரும் இடம்

மலர்களில் பெண்கள் அறவே இல்லை என்பது பொருந்தாது. சிவகாசியில் 1963இல் தொடங்கிய கல்லூரியின் பெயர் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. கணவர் பெயரும் மனைவி பெயரும் ஒருசேர நிற்கும் இப்பெயர் கவனிக்கத்தக்கது. 1968இல் தொடங்கிய மகளிர் கல்லூரியின் பெயரிலோ ஸ்டாண்டர்டு பட்டாசு என்னும் நிறுவனப்பெயர் முன்னும் இராஜரத்தினம் என்னும் ஆள்பெயர் பின்னும் அமைந்துள்ளன. தலைப்பெழுத்து நிற்கவேண்டிய இடத்தில் நிறுவனம் நிற்கிறது. காளீஸ்வரி என்பதோ தெய்வப்பெயர். மனைவியாகவும் தெய்வமாகவும் பெண்ணுக்குப் பெயர்ப்பலகையில் இடமுண்டு. மகளாக, கூட்டாளியாக, சீதன முதலைக் கொண்டுவந்தவளாக அவளுக்கு வரைபடத்தில் இடமில்லை.

இது வெறும் மரபுப்பிழையன்று. உரிமைச் சிக்கலும் ஆகும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல், அதற்குமுன் மணமாகாத மகளுக்கு மகனுக்கு நிகராகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வழங்கியது. 2005இல் நடுவண் திருத்தம் அவ்வுரிமையை நாடெங்கும் விரித்தது. இவ்வாண்டுகளுக்குப் பின்னும் ஆண்மக்களை மட்டும் அடுத்தடுத்துக் காட்டும் வரைபடத்தை அச்சிடும் மலர், கடந்த காலத்தை நினைவுகூர்வதோடு நிற்பதில்லை. யாருக்குப் பங்கு உண்டு என்பதைப் பற்றியும் ஒரு நிலைப்பாட்டை எடுக்கிறது.

நகரத்தார் மரபு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஒன்பது நகரக் கோயில்களில் மணமான ஒவ்வோர் இணையும் ஒரு புள்ளியாகக் கணக்கில் வருகிறது. கொடிவழியின் அலகு தனி ஆணாக இல்லாமல் இணையாக அமைகிறது. நாடார் சமூகத்தில் உறவின்முறையும் மகமையும் வேறுவகையான பொதுப்பதிவுகள். வணிகர் தத்தம் விற்றுமுதலில் ஒரு சிறு பகுதியைப் பொது நிதியில் சேர்த்தனர். விருதுநகரில் 1889இல் சத்திரிய வித்தியாசாலையும் அதைப்போன்ற பிற பள்ளிகளும் அந்நிதியில் எழுந்தன. 1921இல் தொடங்கப்பெற்று இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாகியுள்ள நாடார் வங்கிக்கும் சமூகக் கூட்டுமுயற்சியே அடிப்படை. இத்தகைய கூட்டு நம்பிக்கை சூழ்ந்திருந்த ஊரில் தொடங்கிய தொழிலைத் தனியொருவர் துணிவின் விளைவாக மட்டும் காட்டுவது குறையுடைய கூற்று.

மூன்று எழுத்துகளும் ஒரு புதினமும்

கல்விப்புல எழுத்து இக்குறையை முழுதும் தீர்த்துவிடவில்லை. 1969இல் வெளியான இராபர்ட் ஹார்டுகிரேவின் நாடார் பற்றிய நூல் உறவின்முறையிலிருந்து சங்கம்வரை சமூகத்தின் எழுச்சியைத் தொடர்ந்து காட்டுகிறது. அதில் குடும்பங்கள் எடுத்துக்காட்டுகளாகவே வந்து செல்கின்றன. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி 1983இல் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரையும், 1991இல் மைரன் வீனர் எழுதிய நூலும் உழைப்போரைக் கண்முன் நிறுத்துகின்றன. 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் பின்புலத்தை அறிய அவை இன்றியமையாதவை. ஆனால் அவற்றில் தொழிலாளர் வயதாலும் கூலியாலும் அறியப்படுகின்றனர், தலைமுறையால் அறியப்படுவதில்லை. மலர்களில் சமூகம் நீங்கிய குடும்பம், ஹார்டுகிரேவிடம் குடும்பம் மங்கிய சமூகம், தொழிலாளர் ஆய்வுகளில் முன்னோர் அற்ற உழைப்பாளர் என மூன்று எழுத்துகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும் முயற்சி புனைவில்தான் நிகழ்ந்துள்ளது. பூமணியின் 'அஞ்ஞாடி' (2012) கரிசல் நிலத்தின் வெவ்வேறு சாதிக் குடும்பங்களைப் பல தலைமுறைகளுக்கு அருகருகே நடத்திச் செல்கிறது. 1895இன் கழுகுமலைக் கலவரமும் 1899இன் சிவகாசிக் கொள்ளையும் அக்குடும்பங்களின் ஊடாகவே சொல்லப்படுகின்றன. அப்புதினத்தில் ஒரு குடும்பத்தின் கொடிவழி இன்னொரு குடும்பத்தின் கொடிவழி இல்லாமல் விளங்காது. தீப்பெட்டி ஆலைச் சிறார்களைப் பற்றிக் 'கருவேலம்பூக்கள்' திரைப்படத்தை இயக்கியவரும் அவரே என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ஆயினும் புதினத்தைச் சான்றாவணமாகக் கொள்ள இயலாது. அது காட்டும் முறையை வரலாற்றாய்வு கைக்கொள்ள இயலும்: ஓர் ஆலையை அலகாகக் கொண்டு, அதன் உரிமையாளர் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளையும், அதே ஆலையில் வேலை பார்த்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளையும் ஒரே தாளில் எழுதிப்பார்த்தல்.

அதற்கான ஆவணங்கள் இல்லாமல் இல்லை. உரிமையாளர் பக்கம் பிரிவினைப் பத்திரங்கள், முத்திரைப் பதிவுகள், வெடிபொருள் உரிமங்கள், கோயில்களின் உபயக் கற்கள் உள்ளன. உரிமம் ஒருவர் பெயரிலும் தொழில் இன்னொருவர் கையிலும் இருக்கும் உள்குத்தகை முறை விபத்து விசாரணைகளில் திரும்பத் திரும்பப் பேசப்படுவதால், உரிமத்தில் உள்ள பெயரை அப்படியே ஏற்பதில் எச்சரிக்கை வேண்டும். தொழிலாளர் பக்கம் வருகைப்பதிவேடு பெரும்பாலும் பெயரோடு நின்றுவிடும். அவர்களுடைய குடும்பம் முழுமையாக எழுதப்படும் ஆவணம் ஒன்று உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோரும், 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் வட்டாரத்து அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோரும் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில் உயிரிழந்தனர். இத்தகைய இறப்புகளுக்குப்பின் இழப்பீட்டுக்காக வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் வாரிசுச் சான்றிதழில் தாய், மனைவி அல்லது கணவர், மகன், மகள் என அனைவரும் பெயரும் உறவுமுறையும் குறித்து வரிசையாக எழுதப்படுகின்றனர். மகனுக்கும் மகளுக்கும் அப்பட்டியலில் வேறுபாடு இல்லை.