லயத்துக்கு ஏற்ற கீபோட்

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா என்றால் இருவகை இசை கேட்கும். சாமி ஊர்வலத்துக்கு முன்னால் தப்பு மேளம். இரவு மேடையில் கீபோட். கீபோட்டில் பெரும்பாலும் ஒற்றை ஆள்தான். இடக்கையால் மூன்று சுரங்களைச் சேர்த்துப் பிடித்தால் ட்ரம்ஸ், பேஸ், கித்தார் எல்லாம் பெட்டிக்குள்ளிருந்தே எழும். வலக்கை பாட்டைப் பார்த்துக்கொள்ளும். ‘அரேஞ்சர்’ என்று விற்கப்படும் இந்தக் கருவி நமக்குத் தருவது என்ன, நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வது என்ன என்று கணக்குப் பார்க்காமல் வாங்கினால் காசும் போகும், தாளமும் போகும்.

வரவை முதலில் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. கீபோட் ஒன்று ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சம்பளத்தில் அது சுமார் 74 நாள் கொழுந்து பறித்த காசு. சிறிய தொகையல்ல. ஆனாலும் ட்ரம் செட், பேஸ் கித்தார், அவற்றுக்கு அம்ப், வாசிக்க நாலைந்து பேர் என்று சேர்ப்பதோடு ஒப்பிட்டால் இது மலிவுதான். தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறலாம். பாடுபவரின் கட்டைக்கு ஏற்ப ஒரு பட்டனில் சுருதியை மாற்றலாம். பழைய ஆர்மோனியக்காரருக்கு அது பல வருடச் சாதகம். லயத்துக் காம்பராவில் தனியாகப் பழகும் பிள்ளைக்கு ஒரு குழுவோடு வாசிக்கும் பயிற்சியும் கிடைத்துவிடுகிறது.

இனிச் செலவுப் பக்கம். மலிவான பெட்டிகளில் இருக்கும் ஸ்டைல்கள் பெரும்பாலும் 4/4, 3/4, 6/8 கணக்குக்குள் அடங்குபவை. பைலா 6/8 என்பதால் அதற்குக் குறையில்லை. தப்புக்குத்தான் சிக்கல். தப்புக்காரர் கூட்டத்தைப் பார்த்து அடிக்கிறார். சாமியாடுபவரின் கால் வேகமெடுத்தால் அடியும் வேகமெடுக்கும். தேர் திரும்பும் இடத்தில் நிதானிக்கும். கீபோட்டுக்குக் காது கிடையாது. வேகத்தை 120 என்று வைத்தால் விடியும்வரை 120தான். கூட்டம் கருவிக்கு ஏற்ப ஆட வேண்டியதாகிறது. இந்த முறையின் பெரிய குறை இதுதான். டோன் நன்றாக இல்லை என்பது அதற்கு அடுத்த குறை.

மற்றொன்று, சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம். பன்னிரண்டு கட்டைக்குள் நம் இசை அடங்காது என்ற வாதம் பழையது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தையே தடைசெய்தது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. பஜனையும் கூத்தும் அதற்காக ஆர்மோனியத்தைக் கைவிடவில்லை. கீபோட்டுக்கோ ஆர்மோனியத்துக்கு இல்லாத ஒரு வழி உண்டு: சுரத்தை வளைக்கும் பிட்ச் வீல். கே. சத்தியநாராயணன் போன்றவர்கள் கர்நாடகக் கச்சேரியையே கீபோட்டில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே வீல் இல்லாத பெட்டி எவ்வளவு மலிவானாலும் நமக்கு முக்கால் கருவிதான். யமஹாவின் பிஎஸ்ஆர்-இ373இல் அது இல்லை, இ473இல் உண்டு. கசியோ சிடி-எக்ஸ்3000இலும் உண்டு.

விளம்பரம் இதைச் சொல்லாது. 600 டோன், 800 டோன் என்று எண்ணிக்கையைத்தான் சொல்லும். அந்த எண்ணிக்கையின் பெறுமதியை அறிய 1991இல் வந்த ஜெனரல் மிடி பட்டியலைப் பார்த்தால் போதும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான 128 டோன்களை அது வரிசைப்படுத்தியது. சித்தாருக்கு 105ஆம் இலக்கம், ஷெனாய்க்கு 112. நாதஸ்வரத்துக்கு இடமே இல்லை. கல்யாணப் பாட்டுக்கு ஷெனாயை வைத்துச் சமாளிக்கும் பழக்கம் இந்தப் பட்டியல் விட்டுச்சென்ற சொத்து. எண்ணிக்கைக்குப் பதிலாக, ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கும் என்று கேட்க வேண்டும். ஸ்டைல் ஓடும்போது ட்ரம்ஸும் பேஸும் கோட்ஸும் அதில் பங்கு கேட்கும். போதாவிட்டால் பாட்டின் சுரம் நடுவில் அறும். இ373இல் 48, மற்ற இரண்டிலும் 64.

டோன் போதாதவர்கள் சவுண்ட் மொடியூல் வாங்க நினைக்கிறார்கள். 1983இல் வந்த மிடி முறையில் வயரில் ஒலி போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற தகவல்தான் போகிறது. ஒலியை மொடியூல் எழுப்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய மொடியூல்களுக்கு ஐந்து ஊசி மிடி வாய். இன்றைய மலிவுக் கீபோட்டுகளில் இருப்பது கணினிக்கான யூஎஸ்பி வாய் மட்டுமே. இரண்டையும் நேராக இணைக்க முடியாது. நடுவில் கணினியோ தனிப் பெட்டியோ வேண்டும். ஜப்பானில் பாவித்து வந்த மொடியூல் என்றால் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அன்றோடு முடிந்தது. 1991இன் ரோலண்ட் எஸ்சி-55 போன்றதற்கு ஒரே நேரத்தில் 24 சுரம்தான். ஸ்மார்ட்போனை ஓடிஜி வயரில் இணைத்து, சவுண்ட்ஃபொன்ட் ஆப் மூலம் ஒலி எடுக்கலாம், செலவு குறைவு. ஆனால் பல போன்களில் விரல் பட்டு ஒலி வருவதற்குள் ஒரு கணம் பிந்தும். வீட்டில் பழக அது போதும், மேடைக்குச் சரிவராது.

ஆகவே கையில் இருக்கும் காசை இப்படிப் பிரிப்பதே சரி என்று படுகிறது. முதலில் பிட்ச் வீல் உள்ள கீபோட். அடுத்து, மொடியூலுக்கு ஒதுக்கிய காசில் நல்லதொரு ஸ்பீக்கர். இ373இன் சொந்த ஸ்பீக்கர் பக்கத்துக்கு 2.5 வோட்ஸ், கோயில் முற்றத்தில் அது முணுமுணுப்புக்கும் காணாது. மொடியூல் மூன்றாவது; இல்லாவிட்டாலும் குறையில்லை.

தப்போடு சேர்ந்து போகாத குறைக்கு எந்த மொடியூலும் மருந்தல்ல. மருந்து கீபோட்டிலேயே இருக்கிறது: ஸ்டைலின் ட்ரம்ஸை மட்டும் நிறுத்தும் வசதியும், தட்டித் தட்டி வேகத்தை மாற்றும் பட்டனும். முதலாவது தப்புக்கு இடம்விடும். இரண்டாவது அதன் பின்னால் போக உதவும். இரத்தினபுரிக்குக் கீபோட் பார்க்கப் போகிறவர் தப்படிக்கும் அண்ணன் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகட்டும். அவர் கடை மேசையில் அடிக்கட்டும், நடுவில் வேகத்தை மாற்றட்டும். ட்ரம்ஸை நிறுத்திவிட்டு அவர் பின்னால் போக முடிகிற பெட்டி எதுவோ, அதற்குக் காசு கொடுக்கலாம்.